அகதிகளுக்குத் தொழில் வைத்துக் கொடுத்த அரசர் – போட்ஸ்டாம் ஆணை, 1685

போட்ஸ்டாம் என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு படிக்கும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது 1945ஆம் ஆண்டு மாநாடுதான். ஸ்டாலின், ட்ரூமன், சர்ச்சில் (பாதியில் அவர் தேர்தலில் தோற்றுப்போக, அவருக்குப் பதில் அட்லி) கூடி ஜெர்மனியைப் பங்கு போட்ட கதை. ஆனால் அதே ஊரில் அதற்கு 260 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசாணை வெளியானது. வேறு நாட்டிலிருந்து ஓடி வருபவர்களை "வாருங்கள், வீடு தருகிறோம், நிலம் தருகிறோம், தொழில் தொடங்க முதலும் கருவியும் தருகிறோம், வரியும் வேண்டாம்" என்று அழைத்த ஆணை அது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அரசு தொழில் உதவி செய்யலாமா, செய்தால் உள்ளூர்க்காரன் கதி என்ன என்று இன்று உலகம் முழுவதும் நடக்கும் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான பழைய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஓடி வந்தவர்கள் யார் என்று பார்ப்போம்.

பிரான்சில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை. கால்வின் என்ற சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய புராட்டஸ்டண்டுகள் அங்கே சிறுபான்மை. அவர்களை ஹியூகனாட்டுகள் என்பார்கள். பல பத்தாண்டுகள் மதப்போர் நடந்து ரத்தம் ஆறாக ஓடிய பிறகு, 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்த் ஆணை மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதை 1685 அக்டோபரில் ரத்து செய்தார். அதற்கு முன்பே, 1681இலிருந்து, ஹியூகனாட்டுகளின் வீடுகளில் குதிரைப்படை வீரர்களைத் தங்க வைப்பது ஒரு தண்டனை முறையாகவே நடந்து வந்தது. வீட்டுக்காரர் மதம் மாறும்வரை அந்த வீரர்கள் தின்று, உடைத்து, அடித்து அட்டகாசம் செய்வார்கள்.

ரத்து ஆணையில் ஒரு விசித்திரம் உண்டு. மதகுருமார்கள் இரண்டு வாரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், ஆனால் சாதாரண மக்கள் வெளியேறக் கூடாது! பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமையாகத் துடுப்பு வலிக்கும் தண்டனை. அப்படியும் சுமார் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் தப்பிப் போனார்கள் என்பது வரலாற்றாளர்களின் கணிப்பு. நெதர்லாந்து, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மானிய அரசுகள் என்று சிதறினார்கள். ஒரு சின்னக் கூட்டம் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

நம் கதை பிராண்டன்பர்க்கில். அன்று ஜெர்மனி ஒரே நாடு அல்ல, நூற்றுக்கணக்கான சிற்றரசுகளின் தொகுப்பு. அவற்றில் ஒன்று பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிராண்டன்பர்க். பிற்காலத்தில் பிரஷ்யா என்ற வல்லரசாக வளர்ந்தது இதுதான். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அது மணல் பூமி, ஏழை நாடு. அதன் மேல் முப்பதாண்டுப் போர் (1618–1648) வேறு. படைகள் மாறி மாறிச் சூறையாடியதிலும், கூடவே வந்த பிளேக்கிலும் பிராண்டன்பர்க் தன் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதியை இழந்தது. பெர்லினும் அதோடு ஒட்டிய கோல்னும் சேர்ந்தே போரின் முடிவில் ஆறாயிரம் பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். ஊர்களில் வீடுகள் கூரையில்லாமல் நின்றன, வயல்கள் காடாகிக் கிடந்தன. பிறகு பிராண்டன்பர்க்கோடு சேர்ந்த மக்டபர்க் நகரம் 1631இல் எரிந்தே போனது. அங்கு செத்தவர்கள் மட்டும் சுமார் இருபதாயிரம் பேர்.

இந்த நாட்டை 1640 முதல் 1688 வரை ஆண்டவர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம். "மாபெரும் தேர்வாளர்" என்று வரலாற்றில் பெயர். (ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்க வாக்குரிமை உள்ள இளவரசர்களைத் தேர்வாளர்கள் என்பார்கள்.) இவர் இளம் வயதில் சில ஆண்டுகள் நெதர்லாந்தில் வளர்ந்தவர். முதல் மனைவியும் அந்நாட்டு ஆரஞ்சு குடும்பத்துப் பெண். நெதர்லாந்து அன்று உலகின் பணக்கார நாடு. அகதிகளும் அயல்நாட்டு வணிகர்களும் ஒரு நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தவர் அவர். இன்னொரு விஷயம், அவரும் கால்வினியர். ஆனால் அவருடைய குடிமக்களில் பெரும்பாலோர் லூத்தரன் பிரிவினர். தன் சொந்த நாட்டிலேயே மதத்தால் சிறுபான்மை அரசர்! தன் பிரிவைச் சேர்ந்த, தன்னை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு கூட்டம் வந்தால் அவருக்குக் கசக்குமா?

ஆகவே கருணை, கணக்கு இரண்டும் சேர்ந்துதான் போட்ஸ்டாம் ஆணை பிறந்தது. இதில் கருணையை மட்டும் சொல்லும் புத்தகங்களும் உண்டு, கணக்கை மட்டும் சொல்லும் புத்தகங்களும் உண்டு. எனக்கு இரண்டையும் பிரிக்க வேண்டிய அவசியம் தெரியவில்லை.

ஆணையின் தேதி 1685 அக்டோபர் 29. லூயியின் ஆணை அக்டோபர் 18. பதினோரு நாளில் பதில் வந்துவிட்டதா என்று வியக்க வேண்டாம். பிராண்டன்பர்க் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. இன்றைய கணக்கில் அது நவம்பர் 8. மூன்று வாரம். தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில் மூன்று வாரம் என்பதே அசுர வேகம்தான்.

பிரெஞ்சு, ஜெர்மன் என்று இரண்டு மொழிகளிலும் அச்சடித்தார்கள். பிரதிகள் ரகசியமாக பிரான்சுக்குள்ளும் போயின. மொத்தம் பதினான்கு பிரிவுகள். படித்தால் நம்மூர் தொழில் முதலீட்டு மாநாட்டு அறிவிப்பு போலவே இருக்கும்! முதலில் வழிச்செலவு. ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற நகரங்களில் தேர்வாளரின் ஆட்கள் காத்திருப்பார்கள், அகதிகளுக்குப் பணமும் படகும் உணவும் கொடுத்து அனுப்பி வைப்பார்கள். எந்த ஊரில் குடியேறுவது என்பது வருபவர்களின் விருப்பம். கொண்டு வரும் பொருளுக்குச் சுங்கம் கிடையாது. போரில் இடிந்து ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளை அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்து, செப்பனிட மரம், கல், சுண்ணாம்பும் கொடுப்பார்கள். புது வீடு கட்டினால் பத்தாண்டுகளுக்கு வரிவிலக்கு. (அன்றாடப் பொருட்களின் மீதான கலால் வரி மட்டும் எல்லோரையும் போலக் கட்ட வேண்டும். அரசர் அதை விடவில்லை!)

தொழில் பகுதிதான் முக்கியம். துணி, தொப்பி போன்றவற்றுக்குப் பட்டறை தொடங்க நினைப்பவர்களுக்குச் சலுகைகளும், பண உதவியும், கருவிகளும் அரசே தரும். உழவர்களுக்கு நிலம். நகரத்தில் குடியுரிமையும் கைவினைச் சங்கங்களில் சேரும் உரிமையும் கட்டணமில்லாமல் கிடைக்கும். இந்தக் கடைசி வரியைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. அன்றைய ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு தொழிலும் ஒரு சங்கத்தின் பிடியில் இருந்தது. கில்டு என்பார்கள். தையற்காரன் மகன் தையற்காரனாவான், வெளியூர்க்காரனுக்குக் கதவு திறக்காது, திறந்தாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் வித்தை இருந்தாலும் சங்கத்தில் இல்லாதவன் கடை போட முடியாது. அந்தப் பூட்டை அரசர் ஒரே வரியில் உடைத்தார்.

இவற்றோடு, தங்களுக்குள் வரும் வழக்குகளைத் தங்கள் ஆட்களே தீர்க்கும் உரிமை, ஒவ்வொரு ஊரிலும் அரசுச் சம்பளத்தில் ஒரு மதகுரு, பிரெஞ்சு மொழியிலேயே வழிபாடு.

அழைப்பு வேலை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் இருபதாயிரம் ஹியூகனாட்டுகள் பிராண்டன்பர்க் ஆட்சிப் பகுதிகளுக்கு வந்தார்கள். பெர்லின், மக்டபர்க், ஹாலே, பிரென்ஸ்லாவ் போன்ற ஊர்களில் பிரெஞ்சுக் குடியிருப்புகள் எழுந்தன. 1700ஐ ஒட்டிய காலத்தில் பெர்லினில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர்! காலுறை பின்னும் தறி, பட்டு ரிப்பன், கையுறை, நயமான தொப்பி, கடிகாரம், சுவர்த் திரைச்சீலை என்று அந்த மணல் பூமி அதுவரை வெளியிலிருந்து வாங்கிய அல்லது பார்த்தே இராத பொருட்களைச் செய்பவர்கள் வந்தார்கள். ஊக்கர்மார்க் பகுதியில் புகையிலைப் பயிரைப் பரப்பியவர்களும் இவர்களே. 1689இல் பெர்லினில் ஒரு பிரெஞ்சுப் பள்ளி தொடங்கினார்கள். மூன்று நூற்றாண்டு தாண்டியும் அது நடக்கிறது.

உள்ளூர் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள் என்று நினைத்தால் தவறு. அவர்களும் போரில் எல்லாம் இழந்தவர்கள்தானே? அப்பாவும் தாத்தாவும் வரி கட்டிக் கட்டி ஓய்ந்த ஊரில், மொழி தெரியாத ஒருவன் வந்து இறங்குகிறான். அவனுக்கு வீடு இலவசம், மரம் இலவசம், வரி இல்லை. போதாக்குறைக்கு வழிபாடும் வேறு. கில்டுகள் முடிந்த மட்டும் முரண்டு பிடித்தன. மனுக்கள் பறந்தன. சில இடங்களில் ஜன்னல்களின் மீது கல்லும் பறந்தது. வீடு கொடுக்கும்போது பழைய உரிமையாளரின் வாரிசுகளும் கடன்காரர்களும் வந்து நிற்க, வழக்குகள் கிளம்பின. இந்தக் கோபத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அரசர் தன் கஜானாவிலிருந்து கொடுத்தார் என்கிறோம், அந்தக் கஜானாவில் இருந்தது யார் பணம்?

சரி, கொடுத்த பணத்துக்குப் பலன் இருந்ததா? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

அரசு உதவியோடு தொடங்கிய பட்டறைகளில் கணிசமானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. காரணம் எளிது. நயமான பட்டும் தொப்பியும் செய்ய ஆள் வந்தாயிற்று, வாங்க ஆள் வேண்டாமா? பிராண்டன்பர்க் குடியானவன் கம்பளியும் நாரும் உடுத்துபவன். அரண்மனை, படை, கொஞ்சம் பிரபுக்கள், இவர்களை விட்டால் சந்தை இல்லை. முதல் தீர்ந்தது, மானியம் தீர்ந்தது, கடையும் மூடியது. சில பேர் வேறு நாட்டுக்குக் கிளம்பினார்கள். பலர் சாதாரணக் கைவினைஞர்களாகவும் தோட்டக்காரர்களாகவும் ஆனார்கள். பத்தாண்டு கழித்து ஒரு தணிக்கை அதிகாரி கணக்குப் பார்த்திருந்தால் "திட்டம் தோல்வி" என்று எழுதியிருப்பார்.

நூறாண்டு கழித்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. எரிக் ஹோர்னுங் என்ற பொருளாதார வரலாற்றாளர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1700இல் எந்தெந்த ஊரில் எத்தனை ஹியூகனாட்டுகள் இருந்தார்கள் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டார். பிறகு 1802இல் பிரஷ்ய அரசு எடுத்த நெசவுப் பட்டறைக் கணக்கை எடுத்துக்கொண்டார். எவ்வளவு மூலப்பொருள் உள்ளே போனது, எவ்வளவு சரக்கு வெளியே வந்தது என்ற விவரம் அதில் இருந்தது. இரண்டையும் பொருத்தினால், ஹியூகனாட்டுகள் அதிகம் குடியேறிய ஊர்களின் பட்டறைகள் நூறாண்டுக்குப் பிறகும் கூடுதல் உற்பத்தித் திறனோடு இருந்தன.

"அவர்கள் ஏற்கெனவே செழிப்பான ஊராகப் பார்த்துக் குடியேறியிருப்பார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கும் அவர் வழி வைத்திருக்கிறார். முப்பதாண்டுப் போர்க்காலத்தில் ஆள் அதிகம் செத்த ஊர்களில்தான் காலி வீடுகள் அதிகம், அங்கேதான் இவர்களை அதிகம் குடியமர்த்தினார்கள். ஆக அந்த ஊர்களுக்கு ஆள் வந்தது செழிப்பினால் அல்ல, பழைய அழிவினால். அப்படிக் கணக்கிட்டுப் பார்த்தாலும் பலன் தெரிகிறது.

இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். அரசர் பெரிதாக நினைத்து முதல் போட்ட பட்டறைகள் நிலைக்கவில்லை. ஆனால் கில்டில் சேரும் உரிமை, ஊரில் சட்டப்படி குடியிருக்கும் உரிமை, பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பள்ளி, இவை நிலைத்தன. பட்டறை மூடினாலும் பட்டறைக்காரன் ஊரில் இருந்தான், பக்கத்து வீட்டுப் பையன் அவனிடம் தொழில் பழகினான். மானியத்துக்குக் காலக்கெடு இருந்தது, குடியுரிமைக்கு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஹியூகனாட்டுகளால்தான் பிரஷ்யா நாகரிகமடைந்தது என்ற பெருமைக் கதையின் பெரும்பகுதி பின்னால் எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எர்மான், ரெக்லாம் என்ற இரண்டு பிரெஞ்சு வம்சாவளி மதகுருக்கள் தங்கள் சமூகத்தின் வரலாற்றை ஒன்பது தொகுதிகளில் எழுதினார்கள். தன் குலப்பெருமையைத் தானே எழுதினால் எப்படி இருக்கும்? பின்னால் வந்த பல நூல்கள் அதை அப்படியே வாங்கிக்கொண்டன. அதேபோல் ஹியூகனாட்டுகள் போனதால் பிரான்சின் பொருளாதாரமே படுத்துவிட்டது என்ற கருத்தையும் வாரன் ஸ்கோவில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960இல் கேள்விக்குள்ளாக்கினார். அன்று பிரான்சில் போர்ச் செலவு, மோசமான அறுவடை என்று மந்தத்துக்கு வேறு காரணங்கள் நிறையவே இருந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. இதே ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் 1671இல் வேறொரு அகதிக் கூட்டத்தையும் ஏற்றார். பேரரசர் லியோபோல்டு வியன்னாவிலிருந்து யூதர்களைத் துரத்தியபோது, அவர்களில் ஐம்பது குடும்பங்களுக்குப் பிராண்டன்பர்க்கில் இடம் கொடுத்தார். அதுவும் வசதியான குடும்பங்களுக்கு, இருபது ஆண்டுகளுக்கு மட்டும். அவர்களுக்கு மானியம் இல்லை, அவர்கள்தான் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எட்டு தாலர் "பாதுகாப்புப் பணம்" கட்ட வேண்டும். வணிகம் செய்யலாம், ஆனால் ஜெபக்கூடம் கட்டக் கூடாது. பதினான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே அரசர், ஒரே கஜானா, இரண்டு விதமான அகதிகள். ஒருவருக்குக் கொடுத்தார், ஒருவரிடம் வாங்கினார். சகிப்புத்தன்மையின் சின்னமாக போட்ஸ்டாம் ஆணையைக் கொண்டாடும்போது இந்த 1671ஐ யாரும் பக்கத்தில் வைப்பதில்லை.

அவருடைய வாரிசுகளும் இந்த வழியைத் தொடர்ந்தார்கள். பேரன் முதலாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் 1732இல், சால்ஸ்பர்க் பேராயர் விரட்டிய புராட்டஸ்டண்டுகளைப் பல்லாயிரக்கணக்கில் அழைத்து, பிளேக்கில் ஆளில்லாமல் போன கிழக்கு பிரஷ்யாவில் குடியமர்த்தினார். பிரெஞ்சுக்காரர்களோ மெல்ல மெல்ல ஜெர்மானியராகிப் போனார்கள். தனி நீதிமன்றம் போன்ற உரிமைகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயின. ஜெர்மன் இலக்கியத்தின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரான தியோடர் ஃபோன்டான (பிறப்பு 1819) ஹியூகனாட் வம்சம். 1990இல் கிழக்கு ஜெர்மனியின் கடைசிப் பிரதமராக இருந்த லோத்தர் டி மெசியரும் அப்படியே.

இனி நமக்கு நெருக்கமான ஒரு விஷயம். அந்த பெர்லினுக்கு 1980களில் இன்னொரு அகதிக் கூட்டம் வந்தது. இலங்கையிலிருந்து, குறிப்பாக 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, உயிர் தப்பிய தமிழர்கள். நகரம் சுவரால் இரண்டாகப் பிரிந்திருந்த காலம். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டார்கள். பல ஆயிரம் பேர் இப்படி வந்தார்கள்.

அவர்களுக்கு மேற்கு ஜெர்மனி தங்க இடமும் உணவும் கொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. தஞ்சம் கேட்பவர்கள் வேலைக்கென்று வரக் கூடாது என்பதற்காக 1980களின் தொடக்கத்திலேயே அந்தத் தடையைக் கொண்டு வந்திருந்தார்கள். 1987இல் அதை ஐந்து ஆண்டுகளாக நீட்டினார்கள். (பின்னர் கைவிட்டார்கள்.) தச்சனோ, ஆசிரியனோ, மெக்கானிக்கோ, யாராக இருந்தாலும் விடுதி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அனுமதி இல்லாத மாவட்டத்துக்குள் போனாலும் குற்றம். 1685இல் அதே நகரம் வந்தவனின் கையில் கருவியைக் கொடுத்தது, 1985இல் கையைக் கட்டிப் போட்டது.

நியாயமாகச் சொன்னால் இரண்டு காலமும் ஒன்றல்ல. அன்று காலி வீடுகள், ஆளில்லாத வயல்கள். 1980களில் மேற்கு ஜெர்மனியில் இருபது லட்சத்துக்கும் மேலே வேலையில்லாதவர்கள். ஓர் அரசுக்கு ஆள் தேவைப்படும்போது அகதி விருந்தாளி, தேவைப்படாதபோது சுமை. 2015இல் சிரியா அகதிகள் வந்தபோதும், 2020இல் திறன் பெற்ற வெளிநாட்டவருக்கென்று ஜெர்மனி தனிச் சட்டமே நடைமுறைக்குக் கொண்டு வந்தபோதும், போட்ஸ்டாம் ஆணையின் பெயர் மேடைகளில் அடிபட்டது. 1987இன் ஐந்தாண்டுத் தடை மேடைகளில் அடிபட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அருகே, உயிர்காக்கும் படகுகள் இரண்டில் மிதந்துகொண்டிருந்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். விசாரித்தபோது அவர்கள் கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில் என்று தெரிய வந்தது. அங்கேயே தங்கியிருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. இருந்தும் நடு அட்லாண்டிக்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஹியூகனாட்டுகளுக்கு பெர்லினில் ஒரு தேவாலயமும் அதோடு ஒரு அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஷோனஃபெல்ட் வழியாக வந்த நம் ஆட்களின் கதைகள் பெரும்பாலும் வீடுகளுக்குள்தான் கிடக்கின்றன. உங்கள் மாமாவோ சித்தப்பாவோ அந்த ஆண்டுகளில் ஜெர்மன் விடுதிகளில் இருந்தவர் என்றால், அந்த வேலையில்லாத நாட்களை எப்படிக் கழித்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.